முப்பது மாதத்துப் பொறுப்பு

 

எல்லாம் வல்ல அல்லாஹுத்தஆலா தன் திருமறையின் அஹ்காஃப் அத்தியாயத்திலே, பெற்றோருக்கு நன்மை செய்யும்படி மனிதனுக்கு உபதேசிக்குமிடத்து, தாய் அவனைச் சிரமத்தோடு சுமந்ததையும் சிரமத்தோடு ஈன்றதையும் நினைவூட்டி, சுமந்ததும் பால்குடி மறக்கச் செய்ததும் சேர்ந்து முப்பது மாதம் என்று கணக்கிட்டுக் காட்டுகின்றான். இவ்வசனத்தை நம் ஆலிம்கள் ஓதும்போதெல்லாம் பிள்ளைகள் தாய்க்குச் செய்யவேண்டிய கடமையையே எடுத்துரைப்பர். அது சரியே. ஆயினும் இந்தக் கணக்குக்கு வேறொரு சரித்திரமும் உண்டு. கலீஃபாக்களின் காலத்தில், மணமாகி ஆறே மாதத்தில் பிள்ளை பெற்ற ஒரு பெண்ணின்மீது பழி விழுந்து, தண்டனையும் நெருங்கிவிட்டது. அப்போது அலீ (ரலி) அவர்கள் குறுக்கிட்டு, பால்குடிக்கு ஈராண்டு என வேறோரிடத்தில் மறை கூறுவதை எடுத்துக்காட்டி, முப்பதில் இருபத்து நான்கைக் கழித்தால் ஆறு நிற்கின்றது, ஆகவே ஆறு மாதத்துப் பிள்ளையும் முறையான பிள்ளையாக இருக்கலாம் என்று நிரூபித்தார்கள் என அறிவிக்கப்படுகின்றது. ஊர்வாயில் அகப்பட்ட ஒரு தாயை விடுவித்த கணக்கு இது. இன்றைக்கு நாம் எழுதப் புகுந்த விஷயத்துக்கும் இந்தக் கணக்கே நமக்கு வழிகாட்டியாகும்.

நாம் பேசப்போவது, அபின் வகைப் போதையில் சிக்கிய நிலையிலே கருவுற்றிருக்கும் சகோதரியைப் பற்றி.

இதையெல்லாம் சங்கத்து இதழில் எழுதலாமா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். "நம் கூட்டத்தில் அப்படி எவளும் இல்லை" என்று ஒரு பெரியவர் சொல்லிவிட்டால், அத்துடன் பேச்சு முடிந்துவிடுகின்றது. ஆண்பிள்ளை கெட்டுப்போனான் என்றால் வெளியே சொல்லி அழுகின்றோம். அவனுக்காகத் துஆக் கேட்கும்படி இமாமிடம் சீட்டுக் கொடுக்கின்றோம். பெண்பிள்ளை என்றால் கதவைச் சாத்திவிடுகின்றோம். சாத்திய கதவுக்குள்ளே இரண்டு உயிர் இருக்கின்றது என்பதுதான் நம் கவலை.

போதை நம் மண்ணுக்குப் புதியதன்று. வெள்ளையர் ஆட்சியில் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் சர்க்கார் வருமானத்தின் பெரும் பங்கு அபினிலிருந்தே வந்தது. 1910 முதல் அந்த வியாபாரத்தை சர்க்காரே தன் கையில் எடுத்து நடத்திற்று. சீனத் தொழிலாளிக்குச் சண்டு, தோட்டத்துத் தமிழனுக்குக் கள் என்று இன வாரியாகப் பங்கிட்டுக் கொடுத்த காலம் அது! யுத்தத்திற்குப் பின் 1946-இல் சண்டுக்குத் தடை வந்தது. பின்னாளில் அவ்விடத்தை ஹெராயின் பிடித்துக்கொண்டது. இன்று அபின் குடும்பத்தின் பிள்ளைகள் பல உருவில் வருகின்றன. கோடீன் கலந்த இருமல் மருந்து ஒன்று. அறுவை சிகிச்சைக்குப் பின் வலிக்காகக் கொடுத்து, வலி போன பிறகும் விடமுடியாத மாத்திரை ஒன்று. வட மாநிலங்களில் வீட்டிலேயே காய்ச்சிக் குடிக்கும் கெத்தும் தண்ணீரும் உடலுக்குள் சென்று அபின் தொடும் இடத்தையே தொடுகின்றது. இலைதானே, கஷாயந்தானே என்று கருவுற்ற பெண்ணுக்கு அதைக் கொடுப்பவர் இதை அறிந்துகொள்ள வேண்டும். கணவனின் பழக்கம் மனைவிக்குத் தொற்றுவதும் உண்டு. அவன் கையால் வாங்கிக் குடித்தவளை, அவனைப் பெற்றவளே "குடி கெடுத்தவள்" என்று தூற்றும் அநியாயமும் உண்டு.

இவ்வகைப் பழக்கமுள்ள பெண்ணுக்கு மாதவிலக்கு ஒழுங்காக வருவதில்லை. ஆகையால் தான் கருவுற்றிருப்பதை அவள் தாமதமாகவே அறிகின்றாள். மசக்கையின் குமட்டலும் வாந்தியும், போதை கிட்டாதபோது வரும் குமட்டலும் வாந்தியும் ஒன்றுபோலவே இருப்பதால், உண்மை தெரியுமுன் மூன்று நான்கு மாதம் ஓடிவிடுகின்றது. தெரிந்தபின் முதலில் வருவது சந்தோஷமன்று, பயம். கிளினிக்குக்குப் போனால் நர்ஸ் ஏசுவாளோ, 1952-ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தின்கீழ் பிடித்துக்கொள்வார்களோ, பெற்ற பிள்ளையைப் பறித்துக்கொள்வார்களோ என்னும் பயம். அந்தப் பயத்தோடு அவள் எட்டாம் மாதம் வரைக்கும் தாய்சேய் நல கிளினிக்கின் வாசற்படியே மிதியாமல் இருந்துவிடுகின்றாள். இரத்தச் சோகை கவனிக்கப்படுவதில்லை. கிருமி நோய்களுக்கான பரிசோதனைகள் நடப்பதில்லை. மருந்து செய்யும் கேட்டோடு மறைப்பு செய்யும் கேடும் சேர்ந்துகொள்கின்றது.

இங்கே குடும்பத்தார் செய்யும் பெருந்தவறு ஒன்றைச் சற்று விரித்துச் சொல்லவேண்டியிருக்கின்றது. விஷயம் தெரிந்தவுடன் பெண்ணை ஓர் அறையில் அடைத்து, "இன்றோடு விட்டுவிடு, வயிற்றுப் பிள்ளைக்காவது விட்டுவிடு" என்று காவல் இருப்பார்கள். நல்ல எண்ணந்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் ஹெராயினின் வீரியம் சில மணி நேரமே நிற்பது. அது இறங்கும்போது தாயின் உடல் நடுங்குகின்றது, வியர்க்கின்றது, வயிறு பிசைகின்றது. கருவிலுள்ள சிசுவும் அந்த அலைக்கழிப்பில் பங்கு கொள்கின்றது. திடீரென நிறுத்துவதால் கரு கலையவும், மாதம் நிறையாமல் பிரசவிக்கவும் அபாயம் உண்டென்று மருத்துவர் எச்சரிக்கின்றனர். அதனினும் பெரிய அபாயம், அடைத்து வைத்தவள் சில வாரத்தில் வெளியே வந்து மீண்டும் பழைய அளவையே உட்கொள்வது. இடையில் உடலின் தாங்கும் சக்தி குறைந்துவிட்டபடியால், பழைய அளவே மூச்சை நிறுத்தும் அளவாகிவிடும். தம்மைத் தாமே அழிவில் போட்டுக்கொள்ள வேண்டாமென்று பகரா அத்தியாயம் தடுக்கின்றதே, அத்தடை அவளுக்கு மட்டுந்தானா? அறைக்கு வெளியே சாவியை வைத்துக்கொண்டு நிற்பவருக்கும் அது உண்டு.

அப்படியாயின் செய்யவேண்டியது என்ன? உலகச் சுகாதார நிறுவனம் 2014-இல் இதற்கென்றே வழிகாட்டு நெறிகளை வெளியிட்டிருக்கின்றது. அபின் வகைப் போதைக்கு அடிமைப்பட்ட கர்ப்பிணியை, திடுமென மருந்தை நிறுத்தி நச்சு நீக்கம் செய்வதைவிட, மெத்தடோன் அல்லது பியூப்ரனார்பின் என்னும் மருந்தை மருத்துவர் கண்காணிப்பில் தொடர்ந்து கொடுத்துக் காப்பதே மேல் என்பது அதன் கருத்து. மெத்தடோன் ஒரு நாள் முழுதும் நின்று நிதானமாக வேலை செய்யும். ஏறி இறங்கும் அலை அடங்குவதால் கருவும் அமைதி பெறும். தாய்க்குப் பசி எடுக்கும், தூக்கம் வரும், கிளினிக்குக்கு ஒழுங்காக வருவாள். மாதம் ஏற ஏற அவள் உடல் மருந்தை விரைவில் செலவழித்துவிடுவதால் அளவைக் கூட்டவும் நேரலாம். அதைக் கண்டு வீட்டார், "பார், இன்னும் அதிகம் கேட்கிறாள்" என்று பழிக்கக்கூடாது.

"ஒரு போதையை விட்டு இன்னொரு போதையா? இது ஹராம் இல்லையா?" என்று நம்மவர் கேட்பர். கேள்வி நியாயமானதே, மழுப்பாமல் பதில் சொல்லுவோம். போதை ஹராம். அதில் இரண்டாவது அபிப்பிராயம் நமக்கில்லை. ஆனால் பசியால் உயிர் போகும் நிலையில் விலக்கப்பட்டதை உண்டவன்மேல் குற்றமில்லையென மறையே விலக்களித்திருக்க, ஓர் உயிரன்று, இரண்டு உயிரைக் காக்க மருத்துவன் அளந்து கொடுக்கும் மருந்தை, மயங்குவதற்காகக் குடிப்பதோடு ஒன்றாக வைத்து எண்ணலாகாது. அளந்து கொடுக்கும் மெத்தடோன் அவளை மயக்குவதன்று, நிதானத்தில் நிறுத்துவது. ஒவ்வொரு நோய்க்கும் மருந்து உண்டென்று பெருமானார் (ஸல்) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். நம் மலேசியாவில் மெத்தடோன் சிகிச்சை 2005-இல் தொடங்கியது. ஊசி வழியாக எச்.ஐ.வி. பரவியதே அதற்கு உடனடிக் காரணம். 2010-இல் கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்து மருத்துவர்கள் அர்-ரஹ்மான் பள்ளிவாசலிலேயே மெத்தடோன் வழங்கி, அதனோடு தொழுகையும் மார்க்க போதனையும் சேர்த்து ஒரு திட்டத்தை ஆரம்பித்தார்கள். பள்ளிவாசலின் கதவு திறந்த விஷயத்தில் நம் வீட்டுக் கதவு மூடிக்கிடப்பது எவ்விதத்தில் நியாயம்?

சிங்கப்பூர் வாசகர்களுக்கு ஒரு சொல். அங்கே பியூப்ரனார்பினைத் துர்ப்பிரயோகம் செய்தவர் பெருகியதால், 2006-இல் அது கடுந்தடைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. நாட்டுக்கு நாடு சட்டமும் சிகிச்சை முறையும் வேறுபடும். ஆகவே நம் கட்டுரையைப் படித்துவிட்டு எவரும் தாமாக மருந்து தேடக்கூடாது. மகப்பேற்று மருத்துவரிடம் உண்மையைச் சொல்லி அவர் சொற்படி நடப்பதே முறை. இன்னொன்று: இக்காலத்தில் நம் நாட்டில் ஷாபு என்னும் சரக்கே மிகுந்திருக்கின்றது. அது வேறு இனம். மெத்தடோன் அதற்கு மருந்தாகாது. ஆனால் கருவுற்றவளுக்கு வேண்டிய ஆதரவு அதிலும் இதிலும் ஒன்றேதான்.

இனிப் பிள்ளையைப் பற்றி. தாய் மெத்தடோன் எடுத்தாலும் சரி, ஹெராயின் எடுத்தாலும் சரி, பிறந்த சிசு சிலவேளை இரண்டு மூன்று நாளில் விலகல் வேதனைக்கு உள்ளாகும். கீச்சென்ற அழுகை, நடுக்கம், தும்மல், பால் குடிக்க முடியாமை, வயிற்றுப்போக்கு — இவற்றைக் காண்போருக்கு நெஞ்சு பொறாது. ஆனால் இது எதிர்பார்க்கக்கூடியது, சிகிச்சை உள்ளது, நீங்கிவிடக்கூடியது. அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்து மருத்துவப் பெண்மணி லொரெட்டா ஃபின்னெகன் 1975-இல் இவ்வேதனையை அளக்க ஓர் அட்டவணை வகுத்தார். உலகெங்கும் ஆஸ்பத்திரிகள் அதைக் கைக்கொண்டன. அண்மையில் அதைவிட எளிய முறை ஒன்று வந்திருக்கின்றது. பிள்ளை உண்கின்றதா, உறங்குகின்றதா, அணைத்தால் தேறுகின்றதா என்று மூன்றே கேள்வி கேட்டு, முதல் மருந்தாகத் தாயின் மடியையே கொடுப்பது. 2023-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், பழைய முறையில் சுமார் 15 நாளில் வீடு செல்லத் தகுதி பெற்ற சிசுக்கள், இம்முறையில் சுமார் 8 நாளிலேயே தகுதி பெற்றன. தாயோடு ஒரே அறையில் வைத்தல், மார்போடு அணைத்தல், மங்கிய வெளிச்சம், தாய்ப்பால் ஆகியவையே இதன் மருந்துப் பட்டியல். மெத்தடோன் எடுக்கும் தாயின் பாலில் அம்மருந்து மிகச் சிறிதளவே சேர்கின்றது. அவள் வேறு போதை எடுக்காமல் நிலையாக இருந்து, எச்.ஐ.வி. போன்ற தடைகளும் இல்லையாயின், பாலூட்டும்படி மருத்துவர்களே ஊக்குவிக்கின்றனர். "இவள் பால் விஷம்" என்று பிள்ளையைப் பிடுங்கி மாமியாரிடம் கொடுக்கும் வீட்டார், மருந்தையே பிடுங்கிவிடுகிறார்கள் என்று அறியவேண்டும்.

இப்போது பெருமானார் (ஸல்) அவர்களின் சபைக்கு வருவோம். ஜுஹைனா கோத்திரத்துப் பெண்ணொருத்தி, தவறான வழியில் கருவுற்றவளாக, தானே நபிகளாரிடம் வந்து குற்றத்தை ஒப்புக்கொண்டாள். நபிகளார் அவளுடைய பொறுப்பாளரை அழைத்து, அவளிடம் நல்லமுறையில் நடந்துகொள்ளும்படியும், பிரசவித்த பின் அழைத்து வரும்படியும் கட்டளையிட்டார்கள் என்று ஸஹீஹ் முஸ்லிமில் காண்கின்றோம். காமித் கோத்திரத்துப் பெண்ணைப் பற்றிய அறிவிப்பில், பிரசவம் வரையும், பின்னர் பால்குடி மறக்கும் வரையும் அவளைத் திருப்பியனுப்பினார்கள் என்றுளது. பின்னர் சட்டம் நிறைவேறியது. ஜுஹைனாப் பெண்ணின் ஜனாஸாவை நபிகளாரே தொழுவித்து, அவளுடைய தவ்பாவை மிக உயர்வாகச் சொன்னார்கள். நாம் கவனிக்க வேண்டியது இது: தண்டனைக்குரியவள் என்று தீர்ந்துவிட்ட பெண்ணுக்கே, கருவின் காலத்தில் கிடைத்த நபிகளாரின் கட்டளை, அவளிடம் நல்லமுறையில் நடந்துகொள்ளுங்கள் என்பது. அதையும் அவளிடம் சொல்லவில்லை. அவளுடைய வீட்டாரிடம் சொன்னார்கள். வீட்டார் என்ன செய்யக்கூடும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள் போலும்!

குடிப்பழக்கத்தால் மீண்டும் மீண்டும் சபைக்குக் கொண்டுவரப்பட்ட அப்துல்லாஹ் என்னும் தோழரை ஒருவர் சபித்தபோது, சபிக்காதீர், அவர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிக்கிறவர் என்று பெருமானார் தடுத்த செய்தி புகாரியில் உள்ளது. மீண்டும் மீண்டும் என்ற சொல்லை நாம் அழுத்திப் படிக்கவேண்டும். ஒருமுறை விழுந்தவளை எல்லாரும் மன்னிப்பார்கள். மூன்றாம் முறை விழுந்தவளிடம்தான் நம் ஈமான் சோதிக்கப்படுகின்றது.

மதீனாவுக்கு வெளியே ஒரு கூடாரத்தில் பெண்ணொருத்தி பிரசவ வேதனையால் முனகுவதைக் கேட்ட உமர் (ரலி) அவர்கள், விரைந்து வீடு சென்று தம் மனைவி உம்மு குல்தூம் (ரலி) அவர்களை அழைத்து வந்து, அம்மையார் உள்ளே பிரசவம் பார்க்க, தாம் வெளியே அடுப்பூதிச் சமைத்துக் கொடுத்த வரலாற்றை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். நீ யார், எங்கிருந்து வந்தாய், உன் நடத்தை எப்படி என்று அவர்கள் விசாரணை நடத்தியதாகக் கதையில் இல்லை. அதே உமர் (ரலி) அவர்கள், பால்குடி மறந்த பிள்ளைக்கே உதவித்தொகை என்று முதலில் வைத்திருந்த ஏற்பாட்டால் தாய்மார் அவசரப்பட்டுப் பால் மறக்கச் செய்வதைக் கண்டு, பிறந்த அன்றிலிருந்தே தொகை கொடுக்க உத்தரவிட்டதும் பிரசித்தம். சட்டத்துக்குப் பயந்து தாய் பிள்ளைக்குக் கேடு செய்துகொள்கிறாள் என்று கண்டபோது, அவர்கள் தாயை ஏசவில்லை, சட்டத்தை மாற்றினார்கள்.

முஸ்லிமல்லாதார் நாடுகளில் இக்காரியத்தை எப்படிச் செய்கிறார்கள் என்பதையும் பார்க்கலாம். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரிலே மகப்பேற்று மருத்துவர் மேரி ஹெப்பர்ன் என்னும் அம்மையார், வறுமையும் போதையும் சூழ்ந்த பெண்களுக்கென்றே 1990-இல் தனிச் சேவை ஒன்றைத் தொடங்கினார். கனடாவின் வான்கூவர் நகரத்தில், போதைக்குப் பேர்போன வட்டாரமொன்றின் நடுவிலேயே 1993-இல் ஷீவே என்னும் நிலையம் உருவாயிற்று. மருத்துவர், மருத்துவச்சி, நர்ஸ், சமூகநல ஊழியர் எல்லாரும் ஒரே கூரையின்கீழ். பகலில் சூடான சாப்பாடு இலவசம், குழந்தைக்குத் துணிமணி, குடியிருக்க இடந்தேட உதவி. பசிக்குச் சாப்பிட வருபவளோடு மெதுவாகப் பேச்சுக் கொடுத்து மருத்துவரிடம் கொண்டு சேர்ப்பார்கள். அந்நகரின் மகளிர் மருத்துவமனையிலும் 2003-இல் இதற்கெனத் தனி வார்டு திறக்கப்பட்டது. தாயையும் சேயையும் பிரிக்காமல் ஒன்றாக வைத்துப் பார்ப்பது அதன் முறை. ஷீவேயில் பிள்ளைக்குப் பதினெட்டு மாதமாகும்வரை தாயைக் கைவிடுவதில்லை. கருவின் ஒன்பதையும் கூட்டினால் இருபத்தேழு. மறை சொன்ன முப்பதுக்கு மூன்றே குறைவு! அஹ்காஃப் அத்தியாயத்தை ஓதும் நாமோ, நாற்பது முடிந்ததும் தலைக்கு ஊற்றி அனுப்பிவிடுகின்றோம்.

நாற்பதோடு நிறுத்துவது ஏன் ஆபத்து? அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துத் தாய்மாரை ஆராய்ந்து 2018-இல் வெளியிட்டார்கள். அளவு மீறிய போதையால் உயிருக்கு ஆபத்து நேர்வது, கருவின் கடைசி மூன்று மாதத்தில் மிகக் குறைவாகவும், பிரசவித்து ஏழாம் மாதத்திலிருந்து பன்னிரண்டாம் மாதத்துக்குள் மிக அதிகமாகவும் காணப்பட்டது. வயிற்றில் பிள்ளை இருக்கும்வரை எல்லாரும் விசாரிக்கிறார்கள். பிறந்தபின் பிள்ளையைத்தான் விசாரிக்கிறார்கள், பெற்றவளை விசாரிப்பாரில்லை. இரவெல்லாம் தூக்கமில்லை, கையில் காசில்லை, மனத்தில் சஞ்சலம், பழைய சிநேகிதர் மட்டும் வாசலில். அப்போதுதான் அவள் மீண்டும் வழுக்குகின்றாள்.

ஆகையால் ஜமாஅத்தாருக்கும், குறிப்பாக மாதர் பகுதியினருக்கும் சில வேண்டுகோள். கிளினிக்குக்குத் துணையாகச் செல்ல நம்பிக்கையான இரண்டு தாய்மார் போதும்; கமிட்டி வேண்டாம், கூட்டக் குறிப்பும் வேண்டாம். கமிட்டியில் போட்ட விஷயம் மாமாக் கடைத் தேநீர் மேசைக்கு வந்துசேர எத்தனை நாழிகை ஆகுமென்று நமக்குத் தெரியும். பிறர் குறையை மறைத்தவரின் குறையை அல்லாஹ் மறைப்பான் என்னும் நபிமொழியை அந்த இரு தாய்மாரும் தங்கள் உறுதிமொழியாகக் கொள்ளட்டும். அன்றாடம் மெத்தடோன் குடிக்கச் சென்றுவர வண்டிச் சத்தம் ஆகும். கையில் வேறு பிள்ளை இருந்தால் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். சிறு தொகைதான், ஆனால் அதில்லாமல் சிகிச்சையை விட்டவர்கள் உண்டு. சிலாங்கூர் முதலிய மாநிலங்களில் ஜகாத்தின் எட்டுப் பங்குகளில் ரிகாப் என்னும் பங்குக்கு, அடிமைத் தளையோடு போதையின் தளையையும் சேர்த்துப் பொருள் கொள்கிறார்கள். விண்ணப்பம் எழுதத் தெரியாத குடும்பத்துக்கு நம் காரியதரிசி எழுதிக் கொடுக்கலாம்.

கணவன்மாருக்கும் ஒரு சொல். தலாக் அத்தியாயத்தில், விவாகரத்தான மனைவி கருவுற்றிருந்தால்கூட அவள் பிரசவிக்கும்வரை செலவு கொடுக்கவேண்டுமென்று கட்டளை இருக்கின்றது. பிரிந்தவளுக்கே இப்படியென்றால் கூட இருப்பவளுக்கு எப்படி? கணவனுக்கும் பழக்கமிருந்தால் இருவரும் ஒன்றாகச் சிகிச்சைக்குச் செல்லவேண்டும். அவன் வீட்டில் புகைத்துக்கொண்டிருக்க அவள் மட்டும் திருந்துவது நடவாத காரியம்.

பிள்ளை பிறந்தபின், விலகல் வேதனை காரணமாக ஆஸ்பத்திரியில் வைத்திருந்தால், ஏழாம் நாள் வந்துவிட்டதே, அகீகா என்ன ஆவது, ஊருக்கு என்ன சொல்வது என்று குடும்பத்தார் தவிப்பார்கள். ஏழில் முடியாவிட்டால் பதினான்கில், அதுவும் தவறினால் இருபத்தொன்றில் கொடுக்கலாமென்று மார்க்க அறிஞர்கள் வசதி காட்டியிருக்கிறார்கள். பெயர் வைக்க வீட்டுக்கு வரவேண்டும் என்பதில்லை. பாங்கை வார்டிலேயே, நர்ஸிடம் சொல்லிவிட்டு, தாயின் மடியில் இருக்கும்போதே காதருகில் மெதுவாகச் சொல்லலாம். அச்சிசுக்களுக்குச் சப்தமும் வெளிச்சமும் ஆகாது; ஆகவே கூட்டமாகப் போகவேண்டாம், ஒருவர் போனால் போதும். தகப்பன் வரவில்லையென்றால் பாட்டனார் போகட்டும். அவருமில்லையென்றால் நம் பள்ளிவாசல் இமாமிடம் முந்திய நாளே சொல்லி வைத்தால், அவர் சென்று சொல்லிவிட்டு வருவார்.

வஸ்ஸலாம்.